காரீயமும் ஒரு துண்டுச் சீட்டும்

ஈயம் என்றதும் நமக்கு ரசம்தான் நினைவுக்கு வரும். ஈயச் சொம்பில் கொதித்த ரசத்தின் மணத்தைப் பற்றி அயல்தேசத்தில் வாழும் தமிழர்கள் எழுதித் தள்ளியவற்றைத் தொகுத்தால் ஒரு நூல் தேறும். அந்தச் சொம்பு வெள்ளீயம். அச்சகத்து எழுத்தும், மீன்வலையின் அடியில் கட்டுகிற கனமும், துப்பாக்கிக் குண்டும் காரீயம். முன்னதில் ரசம் வைக்கலாம், பின்னது நஞ்சு. இவ்வளவு வேறுபட்ட இரண்டு உலோகங்களை ஒரே சொல்லின் முன்னே வெளுப்பையும் கருப்பையும் ஒட்டிப் பிரித்துவைத்த நம் மொழியின் துணிச்சலை நான் பல முறை வியந்ததுண்டு. ஆனால் குண்டு வார்ப்பவர்களிடம் பழகிய பிறகு அந்தப் பெயரில் ஒரு நியாயம் இருப்பதாகவும் படுகிறது. காரீயத்தில் சிறிது வெள்ளீயம் கலக்காவிட்டால் அது அச்சின் மூலை முடுக்குகளுக்குள் சரியாக ஓடி நிரம்பாது. இரண்டும் ஒரே சட்டியில் உருகத்தான் வேண்டியிருக்கிறது.

இந்தக் கட்டுரை, வீட்டில் வார்த்த காரீயக் குண்டுகளைக் கொண்டு கையால் அடைத்த தோட்டாக்களை எப்படிக் கெடாமல் வைத்திருப்பது என்பதைப் பற்றியது. இலக்கியப் பக்கத்தில் இதற்கு என்ன வேலை என்று கேட்கும் வாசகர் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அச்செழுத்தும் வரும்.

நான் 2004இல் பென்சில்வேனியாவில் ஒரு சிறு ஊருக்குக் குடிவந்தேன். மான் வேட்டைப் பருவம் தொடங்கும் திங்கட்கிழமை பள்ளிகளுக்கு விடுமுறை விடுகிற ஊர். (2019இலிருந்து பருவம் சனிக்கிழமையே தொடங்கிவிடுகிறது.) நான் துப்பாக்கி வைத்துக்கொண்டதில்லை, வைத்துக்கொள்ளும் எண்ணமும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரோடு எனக்கு ஏற்பட்ட நட்புக்குக் காரணம் துப்பாக்கி அல்ல, லைனோடைப். ஒரு பிராந்தியப் பத்திரிகையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் லைனோடைப் இயந்திரத்தில் எழுத்துக் கோத்தவர் அவர். 1886இல் நியூயார்க் டிரிப்யூன் பத்திரிகையில் மெர்கன்தாலர் முதன்முதலில் இயக்கிக் காட்டிய இயந்திரம் அது. விசைகளைத் தட்டத் தட்ட, உருகிய காரீயத்தில் ஒரு முழு வரி வார்ந்து சுடச்சுட வந்து விழும். நியூயார்க் டைம்ஸ் 1978 ஜூலை 2ஆம் தேதி இதழோடு அந்த முறைக்கு விடைகொடுத்தது. இவருடைய பத்திரிகையும் ஏறக்குறைய அதே காலத்தில் ஆப்செட்டுக்கு மாறியது. இயந்திரங்கள் பழைய இரும்புக்குப் போயின. உலோகத்தை ஊழியர்கள் விரும்பிய அளவு எடுத்துக்கொள்ளலாம் என்றார்களாம். இவர் தன் பிக்கப் வண்டியின் அச்சு முறியாத அளவுக்கு எடுத்துக்கொண்டார்.

லைனோடைப் உலோகத்தில் நூற்றுக்கு 84 பங்கு காரீயம், 12 பங்கு ஆன்டிமனி, 4 பங்கு வெள்ளீயம். தூய காரீயத்தைவிட நான்கு மடங்கு கடினம். அச்சகங்கள் மூடப்பட்ட அந்த வருடங்களில் அமெரிக்காவின் நிலவறைகளில் எத்தனையோ தலையங்கங்களும் இரங்கல் குறிப்புகளும் வரி விளம்பரங்களும் இப்படி உருகிக் குண்டுகளாயின. இந்த நாட்டுக்கு இது புதிதல்ல. 1776 ஜூலை 9 அன்று நியூயார்க்கில் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் ஈயச்சிலையைக் கூட்டம் கவிழ்த்தது. அதன் பெரும்பகுதியைக் கனெக்டிகட்டின் லிட்ச்ஃபீல்டுக்குக் கொண்டுபோய் 42,088 குண்டுகளாக வார்த்தார்கள். எண்ணி எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு இதில் பிடித்த விஷயம். நம் ஊரில் கையால் கோத்து அச்சிட்ட காலத்துச் சிற்றிதழ்களின் எழுத்துகள் தேய்ந்ததும் மறுபடி உருக்குக்கே போயின. அவை பெரும்பாலும் மீண்டும் எழுத்தாகவே வந்தன என்று நம்ப விரும்புகிறேன்.

தோட்டாவின் உடல் நான்கு உறுப்புகள் கொண்டது. பித்தளைக் கூடு, அதன் அடியில் தீபாவளிக் கேப்பை நினைவூட்டும் ஒரு சிறு கிண்ணம், உள்ளே மருந்து, வாயில் குண்டு. சுட்ட பிறகு கூடு மிச்சமிருக்கும். அதைத் துடைத்து, புதிய கேப்பு பொருத்தி, மருந்து அளந்து, குண்டை இருத்தி மறுபடி பயன்படுத்துவதே கையால் அடைத்தல். தன் சொந்தப் பயன்பாட்டுக்குச் செய்துகொள்ள இந்த நாட்டின் மத்தியச் சட்டத்தில் உரிமம் தேவையில்லை. விற்பதானால்தான் வேண்டும். இதில் ஈடுபடுபவர்கள் சிக்கனத்துக்காகச் செய்வதாகச் சொல்வார்கள். அவர்கள் செலவிடும் மாலைப்பொழுதுகளைக் கணக்கிட்டால் அது சிக்கனம் அல்ல என்பது அவர்கள் மனைவிமார்களுக்குத் தெரியும்.

ஆலையில் வரும் குண்டு பெரும்பாலும் செம்புச் சட்டை போட்டிருக்கும். வார்த்த குண்டுக்குச் சட்டை இல்லை. ஆகவே அதன் இடுப்பைச் சுற்றி ஓடும் பள்ளங்களில் மெழுகு பூச வேண்டும். இல்லையேல் துப்பாக்கிக் குழலின் உட்சுவரில் காரீயம் ஒட்டிக்கொள்ளும். பாதுகாத்து வைப்பதன் முதல் சிக்கல் இந்த மெழுகில்தான் தொடங்குகிறது. அமெரிக்கத் துப்பாக்கிச் சங்கத்தின் வழியாகப் பரவிய பெயர்பெற்ற கலவை ஒன்றுண்டு: பாதி தேன்மெழுகு, பாதி அலாக்ஸ் என்ற பெட்ரோலியப் பொருள். மென்மையான மெழுகானால் கோடைவெயிலில் பூட்டிய காரின் பின்பெட்டியில் இளகி, எண்ணெய் கசிந்து மருந்தை நனைத்துவிடலாம். நனைந்த மருந்து எரியாமல் போகலாம். பாதி எரிந்து குண்டைக் குழலின் நடுவிலேயே நிறுத்திவிடலாம். இரண்டாவதே ஆபத்து, ஏனென்றால் அடுத்த தோட்டா அந்த அடைப்பின்மீது மோதும். தோட்டாவைத் தலைகீழாக வைத்தால் இளகும் எண்ணெய் மருந்தை விட்டு விலகி வடியும் என்று ஒரு கட்சி. குளிர்ந்த இடத்தில் வைத்தால் எப்படி வைத்தாலும் ஒன்றுதான் என்று இன்னொரு கட்சி. வடகலை தென்கலை வழக்குகளுக்குப் பழகிய நமக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை.

தோட்டாவில் பூசிய கொழுப்பைப் பற்றிய வழக்கு என்றால் இந்தியர்கள் 1857ஐ நினைக்காமல் இருக்க முடியாது. என்ஃபீல்டு துப்பாக்கியின் காகிதத் தோட்டாவில் பூசியிருப்பது பசுக்கொழுப்பா பன்றிக்கொழுப்பா என்ற பேச்சு அந்த ஜனவரியில் கல்கத்தாவுக்கு அருகே டம்டமில் எழுந்தது. காகிதத்தைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும் என்பதுதான் கொதிப்பின் மையம். சிப்பாய்கள் தங்களுக்கு ஏற்ற பொருளை வாங்கித் தாங்களே பூசிக்கொள்ளலாம் என்று அரசு அனுமதித்தது. பயனில்லை. ஏப்ரல் 24 அன்று மீரட்டில் 85 குதிரைப்படையினர் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். மே 10 அன்று கலகம் வெடித்தது. வரலாற்றாசிரியர்கள் இதற்கு ஆழ்ந்த காரணங்கள் பல சொல்வார்கள், அவை சரியானவையே. ஆனால் இன்னொருவர் செய்து கொடுத்த தோட்டாவுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாதபோது அதைக் கையில் வாங்க மறுப்பது பைத்தியக்காரத்தனம் அல்ல என்பதைப் பின்னாளில் ஒரு நிலவறையில் நேரில் கண்டேன்.

பித்தளைக்கும் ஓர் இந்தியக் கதை இருக்கிறது. ஆங்கிலேயப் படையின் பித்தளைக் கூடுகள் மழைக்காலத்தில் யாரும் தொடாமலே தானாக விரிசல் கண்டன. மழைக்குப் பயந்து அவற்றைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா ஆவியும் ஈரமும், கூட்டை அழுத்தி உருவாக்கியபோது அதன் உடலில் தங்கிப்போன இறுக்கமும் சேர்ந்து பித்தளையைப் பிளந்தன. பருவத்தில் வருவதால் அதற்குப் பருவ விரிசல் என்றே ஆங்கிலத்தில் பெயர் வைத்துவிட்டார்கள். காரணத்தை 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் தெளிவாக விளக்கினார்கள். இன்றும் அனுபவமுள்ளவர்கள் அம்மோனியா கலந்த பாலிஷ் போட்டுக் கூட்டைப் பளபளப்பாக்க மாட்டார்கள். தோல் வாரில் செருகி மாதக்கணக்கில் விடவும் மாட்டார்கள். தோலைப் பதனிட்ட அமிலம் செம்பைப் பச்சையாகக் களிம்பேற்றும். சினிமாவில் மார்பின் குறுக்கே தோட்டா வார் அணிந்து வரும் கொள்ளைக்காரனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் களிம்புதான் கண்ணில் படுகிறது.

மருந்து நீண்டகாலம் தாங்கும். அதன் அடிப்படையான நைட்ரோசெல்லுலோஸ் தானாகவே மெல்லச் சிதையும் இயல்புடையது. சிதையும்போது எழும் அமில ஆவி மேலும் சிதைவைத் தூண்டும். அந்த ஆவியை உறிஞ்சிக்கொள்ளவே டைஃபினைலமின் போன்ற பொருளைச் சேர்க்கிறார்கள். அது தீரும்வரை மருந்துக்கு ஆயுள். வெப்பம் அந்த ஆயுளைத் தின்னும். கெட்ட மருந்தில் புளித்த நெடியும் செம்பழுப்புத் தூசும் தெரியும் என்பார்கள். தோட்டாவுக்குள் அடைபட்டுவிட்டால் மோந்து பார்க்கவும் வழியில்லை.

காரீயம் அழியாது என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். அதற்கு எதிரி மரம். ஓக் மரம் விடாமல் அசிட்டிக் அமில ஆவியை வெளியிட்டுக்கொண்டிருக்கும். மூடிய இழுப்பறைக்குள் அது காரீயத்தை வெள்ளைப் பொடியாக்கும். பழைய ஓவியர்கள் நம்பியிருந்த ஈய வெள்ளையை டச்சுக்காரர்கள் காடியையும் சாணத்தையும் கொண்டு மாதக்கணக்கில் புழுங்க வைத்துத் தயாரித்தது இதே வேதியியலால்தான். அருங்காட்சியகங்களில் ஈயப் பதக்கங்களை மர அலமாரியில் வைப்பதில்லை. என் நண்பர் அச்சகத்திலிருந்து உலோகத்தோடு ஓக் மரத்தாலான எழுத்துப்பெட்டி இழுப்பறைகளையும் கொண்டுவந்திருந்தார். முன்பு எழுத்துகள் கிடந்த அறைகளில் அளவுவாரியாகக் குண்டுகளைக் கொட்டி வைத்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. சில ஆண்டுகளில் அடித்தட்டுக் குண்டுகள் விபூதி பூசியதுபோல் வெளுத்துவிட்டன. மூச்சில் போனால் நஞ்சாகும் அந்த விபூதியை அவர் ஈரத்துணியால் துடைத்தெடுத்து, இழுப்பறைகளை என்னிடம் கொடுத்துவிட்டார். அவற்றில் இப்போது என் மனைவி தையல் நூல் வைத்திருக்கிறாள், நன்றாகக் கழுவிய பிறகு.

அதற்குப் பின் எல்லாம் இராணுவக் கழிவுக்கடையில் வாங்கிய பச்சை நிறத் தகரப் பெட்டிகளுக்குப் போயின. மூடியில் ரப்பர் பட்டை. உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். எங்கள் வீட்டு வைட்டமின் குப்பிகளிலும் செருப்புப் பெட்டிகளிலும் வரும் பொட்டலங்களை நான் சேர்த்துக் கொடுப்பேன். ஓவனில் உலர்த்திப் பயன்படுத்துவார். நிலவறையின் ஈரத்தை உறிஞ்ச ஒரு கருவி கோடை முழுவதும் உறுமிக்கொண்டிருக்கும். அடைக்காத மருந்தை மட்டும் அவர் இரும்புப் பெட்டியில் வைக்க மாட்டார். தீப்பிடித்தால் திடமான இரும்புப் பெட்டி அதை வெடிகுண்டாக்கும். எளிதில் பிளந்து வழிவிடும் மரப்பெட்டி எரிய மட்டுமே விடும். காரீயத்துக்கு ஆகாத மரம் மருந்துக்குக் காவல் என்பதை எனக்குச் சொல்லிவிட்டு அவர் ஒரு முறை நன்றாகச் சிரித்தார்.

ஆக, குளிர்ச்சியும் வறட்சியும் இருந்தால் கையால் அடைத்த தோட்டா நாற்பது ஐம்பது ஆண்டுகள் தாங்கும். தண்ணீரில் முக்கிக் கடினமாக்கிய குண்டு வருடங்கள் செல்லச் சற்றே மென்மையாகும் என்பார்கள், பெரிய குறையில்லை. எல்லாம் இவ்வளவு எளிதாக இருக்கும்போது அவர் ஏன் ஒவ்வொரு டப்பாவுக்கும் கால்மணி நேரம் செலவிட்டுச் சீட்டு எழுதினார் என்பது எனக்கு வெகுநாள் விளங்கவில்லை. அச்சுக்கோப்பாளரின் கையெழுத்து, பொடியாக, நேராக, வரி தப்பாமல் இருக்கும். அடைத்த தேதி, குண்டின் எடை, உலோகக் கலவை, மெழுகு, மருந்தின் பெயர், அதன் எடை, கேப்பு, கூடு எத்தனையாவது முறை பயன்படுகிறது, எந்தத் துப்பாக்கிக்கு. மருந்தின் எடை கிரெயின் கணக்கில். ஒரு தானியமணியிலிருந்து பிறந்த அளவு அது, நம் குன்றிமணி போல. ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின்.

காரணம் இதுதான். அவர் அதிகம் அடைத்தது .38 ஸ்பெஷல் என்ற ரிவால்வர் தோட்டா. 1898 வாக்கில் கரும்புகை மருந்துக்காகப் பிறந்தது அது. கரும்புகை மருந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். இன்றைய மருந்தில் ஒரு சிட்டிகையே போதும் என்பதால் கூட்டின் பெரும்பகுதி காலியாகக் கிடக்கும். கவனம் பிசகி அதே கூட்டில் இரண்டாம் முறை மருந்தை ஊற்றினாலும் நிரம்பி வழியாது. குண்டு அதன் தலையில் அமைதியாக உட்கார்ந்துகொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. சுடும்போது துப்பாக்கி பிளக்கலாம். பிடித்திருக்கும் கையும் சேர்ந்து போகலாம். இதனால் இந்த வட்டாரத்தில் ஒரு விதி உண்டு: அடுத்தவர் அடைத்த தோட்டாவைச் சுடாதே. நண்பனானாலும், தகப்பனானாலும்.

அவர் 2022இல், 84 வயதில் காலமானார். அதற்கு முன் மூன்று ஆண்டுகள் அவர் நிலவறைக்கு இறங்கவில்லை, இறங்க விடவில்லை. நினைவு கலைந்துகொண்டிருந்தது. மகன் அரிசோனாவில் இருக்கிறார். வேட்டையில் நாட்டமில்லாதவர், தகப்பனாரின் துப்பாக்கிகளை முன்பே அப்புறப்படுத்தியிருந்தார். மிஞ்சியவை தகரப் பெட்டிகள். அடுத்த வசந்தத்தில் அவர் மனைவி என்னை அழைத்து, "நீங்கள்தான் படிக்கிற மனிதர். பேத்தி வருகிறாள். கீழே இருப்பதையெல்லாம் அவளோடு சேர்ந்து கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள்," என்றார். குப்பையில் போட முடியாது. நிலத்தில் புதைக்கக் கூடாது. தெரியாதவர்களுக்குக் கொடுக்கவும் முடியாது.

பேத்திக்கு அப்போது இருபத்தாறு வயது. பன்னிரண்டு வயதிலிருந்து தாத்தாவோடு வேட்டைக்குப் போனவள். இப்போது மானுக்குக் காரீயத்தைப் பயன்படுத்துவதில்லை. காட்டில் விட்டுவரும் குடலைக் கழுகுகள் தின்று ஈய நஞ்சில் சாகின்றன. கலிபோர்னியா 2019 ஜூலையிலிருந்து வேட்டைக்கு ஈயக் குண்டைத் தடைசெய்தே விட்டது. தாத்தாவோடு இதற்காகச் சண்டை போட்டதாகச் சொன்னாள். இலக்குப் பலகைக்கு மட்டும் அவர் வார்த்த குண்டு.

டப்பாக்களைத் தேதிவாரியாக மேசைமேல் அடுக்கினோம். நான் படிக்க, அவள் குறித்துக்கொண்டாள். 1981லிருந்து தொடங்கியது. ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் ஒரே ஒழுங்கு. 2016இல் ஒரு சீட்டில் கூட்டின் கணக்கு விடுபட்டிருந்தது. 2017 இலையுதிர்காலத்தில் மெழுகின் பெயர் இல்லை. அதற்கடுத்த குளிர்காலத்தில் மருந்தின் பெயர் இருக்கிறது, எடை இல்லை. பிறகு ஆண்டு இல்லாத மாதம். பிறகு "நல்லது" என்ற ஒரே சொல். கடைசி எட்டு டப்பாக்களில் சீட்டு இருக்கிறது, அளவாக வெட்டி ஒட்டியிருக்கிறது, எழுத்து இல்லை.

"எங்களுக்கு 2019இல்தான் தெரிந்தது," என்றாள் அவள். நான் ஒன்றும் சொல்லவில்லை. மருத்துவர் கேட்டிருந்தால் இந்தப் பெட்டியையே காட்டியிருக்கலாம் என்று தோன்றியது.

2016 வரையானவற்றில் தானும் உடனிருந்து அடைத்ததாக நினைவுள்ள டப்பாக்களை மட்டும் அவள் எடுத்துக்கொண்டாள். எஞ்சியதில் சீட்டு முழுமையாக இருந்தாலும் அவள் அசையவில்லை, விதி விதிதான். எல்லாவற்றையும் பிரிப்பது என்று முடிவாயிற்று. 2017க்குப் பிந்தைய நானூற்றுச் சொச்சத்தை முதலில் எடுத்தோம். சுத்தியல் வடிவில் ஒரு பிளாஸ்டிக் கருவி உண்டு. தோட்டாவை அதன் தலைக்குள் பொருத்தி மரக்கட்டைமேல் ஓங்கித் தட்டினால், குண்டு தன் சொந்தக் கனத்தால் கூட்டைவிட்டுக் கழன்று மருந்தோடு உள்ளே விழும். இரண்டு வார இறுதிகள் தட்டினோம். அவள் தட்டுவாள், நான் குண்டையும் கூட்டையும் பிரித்துப் போடுவேன். மருந்தை ஒவ்வொன்றாக எடைபோட வேண்டிய தேவை இல்லை. ஆனாலும் அவள் போட்டாள். பாட்டி மேலிருந்து காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் கையைக் கழுவினீர்களா என்று கேட்டார்.

மிகப் பெரும்பாலானவை ஒரே எடை. எழுதத் தெரியாமல் போன பிறகும் கைக்கு அளவு தெரிந்திருந்தது. மூன்றில் மருந்தே இல்லை. ஒன்றில் சரியாக இரண்டு மடங்கு.

அதை அவள் தராசிலிருந்து எடுத்து, தட்டைத் துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தாள். அதே எண். அந்தக் காலத்தில் சனிக்கிழமை காலைகளில் அவர் அவளையும் சுடுமைதானத்துக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தார். அவருடைய ரிவால்வரில், அவர் அடைத்த தோட்டாக்களை, பெரும்பாலும் அவள்தான் சுடுவாள். "எந்த டப்பா?" என்று கேட்டாள். எழுதாத சீட்டு ஒட்டிய எட்டில் ஒன்று. பாதி தீர்ந்திருந்த டப்பா.

மருந்தைத் தோட்டத்துப் புல்தரையில் மெல்லிதாகத் தூவிவிட்டோம். நைட்ரஜன் உரமாகும், அதுதான் இங்கே வழக்கம். கூடுகளை நசுக்கிப் பித்தளைக் கடையில் போட்டோம். சீட்டுகளைப் பாட்டி கேட்டு வாங்கிக்கொண்டார். குண்டுகள் ஒன்பது பவுண்டு தேறின. அவற்றைப் பேத்தி எடுத்துப்போய் வேறெதோடும் கலக்காமல் தனியே உருக்கி, பாளங்களாக வார்த்து வைத்திருக்கிறாள். ஓவியர்களின் பென்சில்களை வரிசையாகக் கீறிப் பார்த்துக் கடினத்தை அறியும் ஒரு முறை இருக்கிறது. அப்படிப் பார்த்ததில் லைனோடைப் எவ்வளவு, டயர்க்கடை ஈயம் எவ்வளவு என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லையாம். பாளங்களின்மேல் "தாத்தா கலவை, 2017 – 19" என்று ஆணியால் கீறியிருப்பதாகப் போன வருடம் எழுதியிருந்தாள். இன்னும் எதுவும் வார்க்கவில்லை.